முடி கொட்டுகிறதா? மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசியில் எனக்கு டெங்கு வந்தது. பத்து நாள் கஞ்சியும் இளநீருமாகக் கிடந்து எழுந்தேன், வேலைக்குப் போனேன், காய்ச்சலை மறந்தும் போனேன். பொங்கல் முடிந்த வாரம் தலைக்குக் குளித்தபோது கை நிறைய முடி வந்தது, தண்ணீர் போகிற ஓட்டையை அடைக்கிற அளவுக்கு. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உப்புத் தண்ணி, புது ஷாம்பு, யாரோ கண் வைத்தது, ராத்திரியில் போன் பார்ப்பது. ஐப்பசியில் வந்த காய்ச்சலை ஒருவர்கூட நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஷாம்புவை மாற்றினேன், வெங்காயச் சாறு தேய்த்தேன், பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை விழுங்கினேன். சித்திரை வாக்கில் கொட்டுவது நின்றது. வெங்காயச் சாறுதான் காப்பாற்றியது என்று நம்பி பத்துப் பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன்.

அது தவறு. எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் சித்திரையில் நின்றிருக்கும். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் என்ன சாப்பிடுவது, எதை மாற்றுவது, எதற்குக் காசைக் கரைக்க வேண்டாம் என்பதெல்லாம் பாதிக்கு மேல் தானாகவே தெளிந்துவிடும்.

## தென்னையும் வேம்பும்

தென்னை வருடம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். ஆனாலும் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டை காய்ந்து விழும், மேலே ஒரு குருத்து விரியும். மட்டை விழுந்ததைப் பார்த்து மரம் பட்டுப்போகிறது என்று யாரும் பதறுவதில்லை. வேம்பு அப்படியில்லை, மாசி பங்குனியில் இலையை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அப்புறம் துளிர்க்கும்.

நம் தலைமுடி தென்னை ரகம். தலையில் சுமாராக ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் தோலுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பையிலிருந்து முளைக்கிறது, அந்தப் பைக்குப் பெயர் மயிர்க்கால். ஒவ்வொரு மயிர்க்காலும் பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் தன் கணக்கில் வேலை செய்கிறது. 2 முதல் 6 வருடம் வரை நிற்காமல் முடியை வளர்க்கும், இது வளர்பருவம். அப்புறம் இரண்டு மூன்று வாரத்தில் வேலையை முடித்துக் கடை கட்டும். அதன்பின் சுமார் 3 மாதம் சும்மா இருக்கும், இது ஓய்வுப்பருவம். ஓய்வு முடிந்ததும் அதே பைக்குள் புது முடி முளைக்கத் தொடங்க, பழையது உதிரும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எந்த நேரத்திலும் நூற்றில் பத்து முடி ஓய்வில் இருக்கும். ஒரு லட்சத்தில் அது பத்தாயிரம். அந்தப் பத்தாயிரமும் அடுத்த 3 மாதத்தில், அதாவது ஏறக்குறைய 100 நாளில் உதிர்ந்தாக வேண்டும். ஒரு நாளைக்கு நூறு. டாக்டர்கள் தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்று சொல்வது ஆறுதலுக்காகச் சொல்வது இல்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது. மூன்று நாள் தலைக்குக் குளிக்காமல் விட்டால், உதிர வேண்டியது கூந்தலுக்குள்ளேயே சிக்கிக்கொண்டிருந்து நான்காம் நாள் மொத்தமாக வரும். குளித்ததால் கொட்டியது என்று நினைத்துக்கொண்டு இன்னும் தள்ளித்தள்ளிக் குளிப்பவர்கள் நிறையப் பேர், அடுத்த முறை இன்னும் அதிகமாக வந்து இன்னும் பயப்படுவார்கள்.

இன்னொரு பயமும் உண்டு. உதிர்ந்த முடியின் நுனியில் சின்னதாக ஒரு வெள்ளை முனை தெரியும், உடனே "ஐயோ, வேரோடு வந்துவிட்டது, இனி முளைக்காது" என்பார்கள். அது வேர் கிடையாது. ஓய்வுப்பருவத்தில் முடியின் அடி தடித்து இறுகி அப்படி ஆகிறது. மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. வெள்ளை முனை இருந்தால் அந்த முடி தன் காலத்தை முடித்துக்கொண்டு விழுந்தது என்று மட்டும் பொருள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: முடி தனித்தனிக் கணக்கில் வளர்கிறது, ஓய்வெடுக்கிறது, உதிர்கிறது. ஓய்வுக்குப் போன நாளுக்கும் உதிரும் நாளுக்கும் நடுவில் மூன்று மாதம்.

## தென்னை வேம்பாகும்போது

ஒரு வீட்டில் திடீரென்று சம்பளம் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, வாடகை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் இவற்றில் கை வைக்க மாட்டார்கள். தீபாவளித் துணி முதலில் போகும். உடம்பும் அதையேதான் செய்கிறது. கடுமையான காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி போட்டு எடை குறைப்பது, பெரிய மனக்கவலை என்று ஏதாவது வந்தால், இதயத்துக்கும் மூளைக்கும் போக வேண்டியது போய்க்கொண்டே இருக்கும், முடி வளர்க்கும் வேலை நிறுத்தப்படும். முடி இல்லாமல் உயிர் வாழலாம், உடம்புக்கு அது தெரியும். வழக்கமாக நூற்றில் பத்து ஓய்வில் இருக்க வேண்டிய இடத்தில் முப்பது, சில பேருக்கு இன்னும் கூடுதலாக, ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, உடம்பு தேறி எல்லாம் சரியான பிறகு, அத்தனையும் சேர்ந்து உதிரும்.

இதற்கு மருத்துவத்தில் டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். 1961-ல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் வைத்த பெயர் அது. டெலோஜன் என்பது நாம் மேலே பார்த்த ஓய்வுப்பருவம்தான். காரணம் விலகிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக நின்றுவிடும், மயிர்க்கால் எதுவும் சாகாததால் உதிர்ந்த இடத்தில் திரும்ப முளைக்கும்.

நம் ஊரில் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும். கவனித்துப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை ஆளைப் பார்த்து நன்றாகச் சிரிப்பது இரண்டு மூன்று மாதத்தில், பிரசவத்தோடு ஓய்வுக்குப் போன முடி உதிரத் தொடங்குவதும் அதே இரண்டு மூன்று மாதத்தில். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மிகுந்திருப்பதால் உதிர வேண்டிய முடிகூட உதிராமல் தலையிலேயே தங்கியிருக்கும், பிரசவம் ஆனதும் அந்த நிறுத்தி வைத்த கணக்கும் சேர்ந்து தீர்கிறது. காலம் சரி, காரணம்தான் வேறு. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலான அம்மாக்களுக்குப் பழையபடி ஆகிவிடும்.

ஹாஸ்டல் தண்ணீர் கதையும் இப்படித்தான். ஊரிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போன பிள்ளை மூன்று மாதத்தில் "தண்ணி ஒத்துக்கல, முடி கொட்டுது" என்று போன் பண்ணும். உப்புத் தண்ணீர் வெளியே தெரியும் முடியைச் சொரசொரப்பாக்கும், அதனால் சிக்கு விழுந்து நடுவில் முறியலாம். தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலை அது நிறுத்துவதில்லை. அந்த மூன்று மாதத்தில் வேறு என்னவெல்லாம் மாறியது என்று கேட்டுப் பாருங்கள். காலைச் சாப்பாடு போயிருக்கும், முட்டை போயிருக்கும், தூக்கம் போயிருக்கும், இடையில் ஒரு காய்ச்சலும் வந்திருக்கும்.

அதனால் இன்று கையில் வரும் முடிக்கு நேற்று மாற்றிய ஷாம்புவைத் திட்டாதீர்கள். காலண்டரை எடுத்து மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள். அதேபோல, இன்று தேய்க்கும் எண்ணெய் அடுத்த வாரம் உதிர்வதை நிறுத்தியது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அது நிற்கிற நேரம் வந்திருக்கும், அவ்வளவுதான்.

## சாப்பாட்டுக்குக் கட்டுப்படாத உதிர்வு

இதைச் சொல்லாமல் உணவைப் பற்றிப் பேசினால் உங்களை ஏமாற்றுவதாக ஆகிவிடும். எல்லா முடி உதிர்வும் சாப்பாட்டால் சரியாகாது.

ஆண்களுக்கு நெற்றி ஓரத்தில் ஏறுவது, உச்சியில் வட்டமாகத் தெரிவது, பெண்களுக்கு வகிடு வருடா வருடம் அகலமாவது, இவை பரம்பரை வழுக்கை. இங்கே நடப்பது வேறு. டி.எச்.டி என்ற ஆண் ஹார்மோனுக்குச் சிலரின் மயிர்க்கால்கள் பிறவியிலேயே கூச்சம் உள்ளவை. ஒவ்வொரு சுற்றிலும் மயிர்க்கால் கொஞ்சம் சுருங்கும், வளர்பருவம் குறையும், வரும் முடி முன்னதைவிட மெலிந்து குட்டையாக வரும், போகம் போகமாக விளைச்சல் குறைகிற வயல் மாதிரி. 1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்பவர், பருவமடைவதற்கு முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று காட்டினார். ஹார்மோனும் பரம்பரையும் சேர்ந்தால்தான் இது வரும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. அம்மாவைப் பெற்ற தாத்தாவை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். இதைக் கீரையும் நெல்லிக்காயும் நிறுத்தாது. மினாக்சிடில், ஆண்களுக்கு ஃபினாஸ்டரைடு என்று வேலை செய்கிற மருந்துகள் இருக்கின்றன, தோல் டாக்டரைப் பார்த்து சீக்கிரம் தொடங்கினால் இருப்பதைக் காப்பாற்றலாம். இரண்டு வருடம் எண்ணெய் மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டு அப்புறம் டாக்டரிடம் போகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, அந்த இரண்டு வருடத்தில் சுருங்கியதைத் திரும்பப் பெறுவது கடினம்.

காசு அளவுக்கு வட்டமாக ஒரே இடத்தில் விழுவதைப் புழுவெட்டு என்கிறோம். புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த மயிர்க்காலையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இதற்கும் டாக்டர்தான்.

## புரதம்: முடியின் மூலப்பொருள்

முடி என்பது ஏறக்குறைய முழுக்கவே கெரட்டின் என்ற புரதம். முடி கருகினால் வருகிற அந்த நாற்றம் கெரட்டினில் இருக்கும் கந்தகத்தால் வருவது. புரதம் போதாமல் போனால் சம்பளம் குறைந்த வீட்டின் கதைதான் திரும்ப நடக்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன அளவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சுமார் 46 கிராம். இப்போது நம் சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு இட்லியில் 2 கிராம் அளவுக்குத்தான் இருக்கிறது. காலையில் மூன்று இட்லி, சட்னி. மத்தியானம் தட்டு நிறைய சோறு, பருப்பு அடியில் தங்கிவிட்ட சாம்பார், ரசம், கொஞ்சம் பொரியல். சாயங்காலம் டீ, இரண்டு பிஸ்கட். ராத்திரி தோசை. வயிறு நிறைகிறது, 46 நிறைவதில்லை. குறிப்பாக எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மிச்சத்தோடு ரசம் ஊற்றிச் சாப்பிடும் அம்மாக்களுக்கு.

சரி, இதைச் சரிசெய்ய விலை உயர்ந்த பவுடர் தேவையா? தேவையில்லை. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில், அதாவது 30 கிராமில், 7 கிராம். ஒரு சின்னக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 கிராம் அளவுக்கு. நவராத்திரிக்கு ஒன்பது நாள் செய்கிற சுண்டலை வருடம் முழுக்க சாயங்கால பிஸ்கட்டுக்குப் பதிலாக வைத்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். சாம்பாரைத் தெளிவாக ஊற்றாமல் அடியிலிருந்து கலக்கிப் பருப்போடு ஊற்றுங்கள். மீன் சாப்பிடுகிற வீடு என்றால் மத்தி, நெத்திலி போதும், விலை குறைந்ததே நல்லது. சோற்றுப் புரதத்தில் குறையும் ஒன்றைப் பருப்புப் புரதம் நிரப்பும், பருப்பில் குறைவதைச் சோறு நிரப்பும், அதனால் சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், இரண்டையும் சாப்பிட்டால் சரி.

ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்கும் டயட்டில் இருப்பவர்கள் மட்டும் இதை இரண்டு முறை படியுங்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு பட்டினி தொடங்கினால், முடி கொட்டுவது சரியாக முகூர்த்த வாரத்தில் வரும்.

## இரும்பு: குதிரும் பானையும்

பெண்களின் முடி உதிர்வில் நான் முதலில் கேட்பது இதைத்தான். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் 53 சதவீதம். பாதிக்கு மேல்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. "என் ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, எனக்கு இரும்புச்சத்துக் குறைவு இல்லை" என்பார்கள். அந்தக் காலத்து வீடுகளில் நெல் குதிரில் இருக்கும், அடுப்பில் பானையில் சோறு வேகும். குதிர் காலியாகிக்கொண்டே வந்தாலும் கடைசி வரை பானை நிறைந்துதான் இருக்கும், குதிரைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஹீமோகுளோபின் பானை. ஃபெரிட்டின் குதிர், அதாவது உடம்பு இரும்பைச் சேமித்து வைத்திருக்கும் அளவைக் காட்டும் புரதம். குதிர் இறங்கும்போதே உடம்பு சிக்கனத்தைத் தொடங்கிவிடலாம் என்பதால், நிறைய முடி கொட்டும் பெண்களுக்கு டாக்டர்கள் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் எழுதித் தருகிறார்கள். எழுதவில்லை என்றால் கேளுங்கள். தைராய்டுக்கான டி.எஸ்.எச் சோதனையையும் கூடவே செய்துவிடுவது நல்லது, தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் முடி கொட்டும்.

ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும், ஆணுக்கு 19. இதுவும் அதே 2020 பட்டியல். மாதவிடாயில் போவதால்தான் பெண்ணுக்குக் கூடுதல். எதில் இருக்கிறது? முருங்கைக்கீரை, கம்பு, எள், பயறு வகைகள். அசைவத்தில் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும், ரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கும் வழக்கத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது, இறைச்சியில் உள்ள இரும்பை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் தானியத்திலும் உள்ளது அப்படி எளிதில் சேராது, அதற்குத் துணைக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் வைட்டமின் சி. சுண்டலில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயைக் கடிப்பது, பிறகு ஒரு கொய்யா, இவ்வளவு போதும். ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு.

இதற்கு நேர் எதிரி டீயும் காபியும். டிபன் முடித்த கையோடு குடிக்கும் டீ, சாப்பிட்ட இரும்பில் கணிசமான பங்கை உடம்பில் சேர விடாமல் பிடித்துக்கொள்ளும். டீயை விடச் சொல்லவில்லை, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். காசு செலவில்லாமல் செய்யக்கூடிய மாற்றங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

குதிர் அடியோடு காலி என்றால் கீரையால் மட்டும் நிரப்ப முடியாது, மாத்திரை வேண்டும், அதுவும் மாதக்கணக்கில். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் அதை முதலில் பார்க்க வேண்டும், ஓட்டையை அடைக்காமல் குதிரை எப்படி நிரப்புவது?

சுருக்கமாக: புரதம் குறைந்தாலும் இரும்பு குறைந்தாலும் உடம்பு முடியைத்தான் முதலில் நிறுத்தும். குறை இருந்தால் நிரப்பினால் பலன் உண்டு. குறையே இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் பலன் இல்லை, சில சமயம் கெடுதல்.

## அளவு மீறினால்

பயோட்டின் மாத்திரை எல்லா மருந்துக்கடையிலும் தொங்குகிறது. சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பயோட்டின் குறைவு வருவது மிக அரிது. குறையே இல்லாதபோது மாத்திரை போட்டால் முடி கூடுதலாக வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. இன்னொரு சிக்கல், அதிக அளவில் எடுத்தால் தைராய்டு சோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் சோதனையையும்கூட அது தப்பாகக் காட்ட வைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் எச்சரித்தது. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பயோட்டின் எடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வைட்டமின் ஏ, செலினியம் என்ற தாதுச்சத்து இரண்டும் அதிகமானால் முடியைக் கொட்டவே வைக்கும். 2025 தொடக்கத்தில் மகாராஷ்டிராவின் புல்தானா மாவட்டக் கிராமங்களில் சில நாட்களிலேயே பலருக்கு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்த செய்தி நினைவிருக்கலாம். சோதித்தவர்களின் ரத்தத்தில் செலினியம் மிக அதிகமாக இருந்தது, சாப்பிட்ட கோதுமை மேல் சந்தேகம் போனது. அதே செலினியத்தைத்தான் "முடி வளர்ச்சிக்கு" என்று பல மாத்திரை டப்பாக்களில் சேர்த்து விற்கிறார்கள்.

## எண்ணெய், சீப்பு, மொட்டை

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்றால், 36 சென்டிமீட்டர் ஜடையின் நுனி மூன்று வருடத்துக்கு முன் முளைத்தது. அதற்கு எண்ணெய் ஊட்டம் தராது, காப்பு தரும். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. முறிவது குறையும். முளைப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஈரத்தலையில் இழுத்துச் சீவுவது, துண்டை முறுக்கி முடியை அடித்து உலர்த்துவது இரண்டும் முறிக்கும். உதிர்ந்ததா முறிந்ததா என்று பார்க்க வெள்ளை முனையைத் தேடுங்கள், இல்லையென்றால் பெரும்பாலும் முறிவுதான். பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கு நெற்றித்தோல் இழுபடுகிற அளவுக்கு இறுக்கி இரட்டை ஜடை போடுவதைத் தயவுசெய்து விடுங்கள். வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் மயிர்க்காலே போய்விடும், அந்த இழப்பு திரும்பாது.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்பார்கள். மழித்தால் முடி தடித்து வளருமா என்று மில்ட்ரெட் ட்ராட்டர் என்பவர் 1928-லேயே ஆண்களின் தாடியில் சோதித்துப் பார்த்து இல்லை என்றார். வெட்டிய நுனி மழுங்கி இருப்பதால் தடவும்போது தடிமனாகத் தெரிகிறது. பழனிக்கு வேண்டிக்கொண்டது வேறு, அதைச் செய்யுங்கள்.

தூக்கமும் புகையும்: சிகரெட் பிடிப்பவர்களுக்குப் பரம்பரை வழுக்கை அதிகம் காணப்படுகிறது, விட்டால் முடிக்கும் நல்லது. நாள்பட்ட கவலையும் தூக்கமின்மையும் உடம்பைக் காய்ச்சல் காலத்துச் சிக்கனத்திலேயே வைத்திருக்கும், சாப்பாட்டையும் கெடுக்கும்.

## எப்போது தெரியும்?

இன்றிலிருந்து முட்டை, சுண்டல், தள்ளிப்போட்ட டீ என்று தொடங்கினாலும், ஏற்கெனவே ஓய்வுக்குப் போய்விட்ட முடி உதிர்ந்தே தீரும். முதல் இரண்டு மூன்று மாதம் எதுவும் மாறாத மாதிரிதான் இருக்கும். நிறையப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான். சீப்பில் வருவது குறையத் தொடங்குவது மூன்றாம் மாதத்துக்குப் பிறகு. ஆறு மாதம் தாண்டியும் குறையவில்லை, வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது, தலைத்தோல் சிவந்து எரிகிறது, வட்டமாக விழுகிறது என்றால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள்.

ஜடையின் பருமனை அளந்து பார்க்காதீர்கள், அது நிறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நெற்றி ஓரத்தையும் வகிட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரினாலும் படியாமல், இரண்டு மூன்று சென்டிமீட்டரில் குட்டிக்குட்டியாக முடி நிமிர்ந்து நிற்கும். முறிந்த முடி என்று நினைத்து நான் முதலில் அதைக் கத்தரிக்கப் பார்த்தேன், நுனி ஊசி போலக் கூர்மையாக இருந்ததைப் பார்த்து விட்டுவிட்டேன். முறிந்த முடியின் நுனி அப்படிக் கூராக இருக்காது, புதிதாக முளைத்ததற்கு மட்டும்தான் இருக்கும்.